தேடுவதற்கும் கூலி உண்டு

சேலத்திலிருந்து மல்லூரையும் ஆண்டகளூர் கேட்டையும் கடந்து புதுச்சத்திரத்தின் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, முன்னாளில் 7 என்ற எண்ணையும் இந்நாளில் 44 என்ற எண்ணையும் தாங்கியிருப்பது, லாரித் தொழிலையே ஜீவனமாகக் கொண்ட ஒரு சீமையின் ஊடே செல்கிறது. பாடி கட்டுவோர், பட்டை வேலை செய்வோர், டேங்கருக்கு வெல்டிங் வைப்போர், டீசல் பம்ப் பார்ப்போர் என்று, வாகனத்தின் எந்த அங்கம் கெட்டாலும் அதைச் சீர்செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருப்பதுபோல் தமிழ்நாட்டில் வேறெங்கேனும் இருக்குமா என்பது சந்தேகமே. அப்படிப்பட்ட இடத்திலேகூட, ஒரு பழைய காரின் விளக்கு இரவில் ஒரு தடவை மங்கிப் பிறகு தானே பிரகாசித்தது என்றோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று நின்று கால் மணி நேரம் கழித்துத் தானே கிளம்பியது என்றோ ஒருவர் வந்து முறையிட்டால், கைதேர்ந்த எலக்ட்ரீசியனும் சற்றே தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்கு அவருடைய அறிவுக்குறைவு காரணமன்று, நம்முடைய கூலி வழக்கமே காரணம் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் விஷயம்.

பழைய கார் என்பதை ஏளனமாக நினைப்பவர்கள் நம் கிராமங்களின் நிலைமையை அறியாதவர்கள். 1950-களின் பிற்பகுதியில் பிறந்து 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும், ஃபியட்டாக வந்து பிரீமியர் பத்மினியாகப் பெயர் மாறிய வண்டியும், 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் விடைபெற்ற மாருதி 800-ம், இன்னும் எத்தனையோ குடும்பங்களின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 15 வருஷம் முடிந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பித்து, பின்னர் 5 வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வளவும் கட்டிப் பழைய வண்டியை வைத்துக்கொள்பவர் அதனிடம் பிரியம் உள்ளவராகவோ, புதியது வாங்கச் சக்தி இல்லாதவராகவோ இருப்பார். இருவருக்கும் வீண் செலவு தகாது.

வீண் செலவு எப்படி உண்டாகிறது என்பதைப் பாருங்கள். வண்டி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை; தள்ளி ஸ்டார்ட் செய்து பட்டறைக்குக் கொண்டுவந்தால், அங்கே நான்கு பேர் பார்க்கச் சாவியைத் திருப்பியவுடனே சீறிக்கொண்டு கிளம்புகிறது. "இப்பப் பாருங்க, நல்லாத்தானுங்களே எடுக்குது" என்கிறார் எலக்ட்ரீசியன். இல்லாத நோய்க்கு மருந்து கேட்டு வந்தவர்போல் நிற்கும் சொந்தக்காரருக்கு ஏதேனும் ஒன்று செய்தாக வேண்டுமே என்று பேட்டரி மாற்றப்படுகிறது. பத்து நாள் கழித்து மறுபடி அதே கதை. செல்ஃப் மோட்டார் பிரிக்கப்பட்டு கார்பன் புதிதாகிறது. பிறகு டைனமோ, பிறகு கட்-அவுட், பிறகு சாவி ஸ்விட்ச். கடைசியில் ஒருநாள், இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவே போகும் எர்த் பட்டையின் துருப்பிடித்த போல்ட்டை யாரோ ஒருவர் வேறு எதற்கோ கழற்றித் தேய்த்து முடுக்க, வியாதி போய்விடுகிறது. எதனால் போயிற்று என்பது எவருக்கும் தெரிவதில்லை. நல்ல நிலையிலிருந்த சாமான்களுக்கெல்லாம் பணம் தயக்கமில்லாமல் கொடுக்கப்பட்டது. அந்த போல்ட்டைத் தேடி அரை நாள் செலவழித்து, ஒரு சாமானும் மாற்றாமல் ஒருவர் கூலி கேட்டிருந்தால், "ஏனுங்க, பார்த்ததுக்கெல்லாமா காசு?" என்ற கேள்விதான் பிறந்திருக்கும்.

இந்தப் பழுதுகளின் இயல்பை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி முடுக்கினால் அவை முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று நம் கண் சொல்லுகிறது. மின்தொடர்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கே தம் ஆயுளை அர்ப்பணித்த ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ராக்னர் ஹோல்ம், அவை மெய்யாகத் தொடுவது சில நுண்ணிய புள்ளிகளில் மட்டுமே என்றும், மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகளின் வழியாகவே நெருக்கிக்கொண்டு போகிறது என்றும் விளக்கினார். அந்தப் புள்ளிகளுக்கு இடையே களிம்பு படர்ந்தால், அல்லது குலுக்கத்தில் அவை நகர்ந்தால், வழி குறுகுகிறது. குறுகிய இடம் சூடாகிறது. சூட்டில் உலோகம் விரிந்து இறுகினால் மீண்டும் வழி திறக்கிறது. பழுது வருவதும் மறைவதும் இந்த அளவில் நடக்கும் சம்பவம்.

ஒரு கணக்கைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 12 வோல்ட்டில் 55 வாட் எரியும் முன்விளக்கு ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கிறது. அதன் வழியில் எங்கோ ஓர் இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டால், சுமார் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோய், வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆனால் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தால் மீட்டர் 12 என்றே காட்டும். ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்சாரம் இல்லை என்று சொல்லத்தக்க அளவு சொற்பமானது, சொற்ப ஓட்டத்துக்கு அரை ஓம் ஒரு தடையே அல்ல. ஒயரின் உள்ளே இருக்கும் இழைகளில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அறுந்திருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் சத்தியம் செய்யும். இதனால்தான் பழைய எலக்ட்ரீசியன்கள், மீட்டர் கையில் இருந்தும், இரண்டு ஒயர் கோத்த ஒரு டெஸ்ட் லேம்ப்பை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த பல்பு உண்மையான சுமையை இழுக்கும். வழி குறுகியிருந்தால் மங்கிக் காட்டிக்கொடுக்கும். மீட்டரையே பயன்படுத்துவதானால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இணைப்பின் இருபுறமும் வைத்து, அங்கே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்: 150 ஆம்பியர் பாயும் வழியில் ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும். பேட்டரியின் நெகடிவ் முனையிலும் இன்ஜினின் வெற்று உலோகத்திலும் மீட்டரை வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. காட்டினால் எர்த் பட்டையைக் கவனிக்காமல் புது பேட்டரிக்குப் பணம் கொடுப்பது அநியாயம்.

எர்த் பட்டை முற்றிலும் கெட்டுப்போன வண்டிகளில் ஒரு விசித்திரம் நிகழ்வதுண்டு. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகம் எது கிடைக்கிறதோ அதன் வழியே பாய்கிறது. சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் அப்படி அகப்பட்டுக்கொள்பவை. செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிள் கை பொறுக்காமல் சுட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே வியாதியின் பெயரும் அடங்கியிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிவது பின்விளக்கின் எர்த் போய்விட்டதைச் சொல்லும். இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாம் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பிரதேசத்துக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. நாமக்கல் என்றவுடனே லாரிக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது கோழிப்பண்ணை. ஈரமான கோழி எருவிலிருந்து எழும் கார நெடி அம்மோனியா என்பதும், அது ஈரத்தோடு சேர்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதும் ரசாயனம் படித்தவர்கள் அறிந்தவை. இதற்கு ஒரு பழைய சரித்திரமும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், இந்தியாவிலிருந்த படைகளின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டு, பிறகு எடுத்துப் பார்க்கும்போது விரிசல் கண்டிருந்தன; பருவத்தோடு வந்த விரிசலாதலால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர், குதிரையின் மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், அழுத்தி இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த விறைப்பும் சேர்ந்தே அதை உண்டாக்கின என்று நிரூபித்தார்கள். காரின் ஒயரிங்கில் உள்ள டர்மினல்களில் பெரும்பாலானவை பித்தளைத் தகட்டை அழுத்தி மடக்கிச் செய்தவையே. ஆகவே பண்ணைக் கொட்டகையை ஒட்டி வண்டியை நிறுத்துகிறவர்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு விளக்கோ ஹாரனோ தகராறு செய்தால், பச்சைக் களிம்பு படிந்த டர்மினல்களை முதலில் பார்ப்பது விவேகம் என்பது என் அபிப்பிராயம். தீவன மூட்டை இருக்குமிடத்தில் எலியும் இருக்கும். எலிக்கு ஒயரின் உறை கடிக்க ருசியான பண்டம். இவற்றோடு, முன்பு வேலை பார்த்தவர்கள் ஒயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுப்போன இணைப்புகளையும், கூடுதல் ஹாரனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் இழுத்த கிளை ஒயர்களையும் சேர்த்துக்கொண்டால், முப்பது வருஷத்துக் கார் ஒன்றில் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் எத்தனை என்பது விளங்கும்.

சூட்டினால் வரும் பழுதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுந்த மதிமயக்கத்தை விளைவிப்பது அதுதான். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில் சித்திரை வெயிலில் ஏறிக்கொண்டிருக்கும் பழைய கார் நடுவழியில் நின்றுவிட்டால், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைப்பட்டது என்று சொல்லி, பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருப்பது நெடுநாளைய வழக்கம். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பும். துணிக்குப் பெருமை சேரும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பம்ப் மட்டுமா குளிர்ந்தது? இக்னிஷன் காயிலும் குளிர்ந்தது, டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கன்டென்சரும் குளிர்ந்தது. சூட்டில் உள்ளே அறுந்து, குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும் காயில்கள் உண்டு. சூடானால் மட்டும் கசியும் கன்டென்சர்கள் உண்டு. இவையன்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் சிறு ஒயர் ஒன்று, ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப நகரும் தட்டோடு சேர்ந்து தானும் வளைந்து வளைந்து, உறை முழுசாக இருக்க உள்ளே இழைகள் அறுந்து நிற்கும்; சமவெளியில் தொடும், ஏற்றத்தில் விடும், பட்டறையில் எடுத்துப் பார்த்தால் புத்தம் புதிதாகத் தோன்றும். இந்த எல்லாக் காரணங்களுக்கும் ஈரத்துணி வைத்தியம் ஒரே மாதிரி பலிப்பதால், அது எதையும் நிரூபிப்பதில்லை.

நிரூபிக்க வேண்டுமானால் வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே பரீட்சை செய்ய வேண்டும். உதிரியாக ஒரு ஸ்பார்க் பிளக்கை எப்போதும் வண்டியில் வைத்திருந்து, நின்றவுடன் ஒரு பிளக்கின் ஒயரை அதில் செருகி, பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதை இன்ஜினின் உலோகத்தில் படும்படி வைத்து, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால், பொறி வருகிறதா இல்லையா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பொறி நன்றாக வந்தால் பெட்ரோலின் பக்கம் போகலாம். வரவில்லையென்றால் மின்சாரத்தின் பக்கம் போகலாம். சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது. முறைக்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் வைத்தியர் காய்ச்சல் அடிக்கிற வேளையை விசாரிப்பதுபோல, எலக்ட்ரீசியனும் பழுது வந்த வேளையை விசாரித்தாக வேண்டும். அதற்குச் சாட்சி சொல்லத் தகுந்தவர் சொந்தக்காரர் ஒருவரே.

அந்தச் சாட்சியை நம்மில் பலர் சரியாகச் சொல்வதில்லை. "அடிக்கடி நிக்குதுங்க" என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, பழுது வந்த தேதி, நேரம், வெயிலா மழையா, கிளம்பி எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, வைப்பர் ஓடிற்றா, பள்ளத்தில் இறங்கினபோதா திரும்பினபோதா, நின்ற சமயத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததா அணைந்ததா என்று எழுதிவந்தால், பத்துக் குறிப்புகளுக்குள் ஒரு ஒழுங்கு தென்படும். மழையில் மட்டும் வருவது ஒரு இனம். பள்ளத்தில் மட்டும் வருவது வேறு இனம். நின்றபோது டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்பது சாவி ஸ்விட்சையோ பேட்டரி இணைப்பையோ நேராகச் சுட்டுகிறது. அதன் பிறகு எலக்ட்ரீசியன் செய்ய வேண்டியதெல்லாம் அந்த நிலைமையைப் பட்டறையிலேயே உண்டாக்குவது: ஒயரிங் செட்டைக் கையால் பிடித்து அங்கங்கே அசைப்பது, காயிலைச் சூடாக்குவது, சந்தேகப்படும் இடத்தில் நீர் தெளிப்பது. மாற்றிய சாமான் சரியானதுதானா என்பதைக்கூட, பழைய சாமானைத் திரும்பப் போட்டுப் பழுது மீண்டும் வருகிறதா என்று பார்த்தே நிச்சயிக்க வேண்டும். இப்படிச் செய்கிறவரை அலட்டல்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவர்தான் தொழிலைத் தெரிந்தவராகத் தோன்றுகிறார்.

வந்து மறையும் பழுதைச் சில்லறை உபத்திரவமாக எண்ணி ஒதுக்குவதில் உள்ள ஆபத்தை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் உலகத்துக்கே காட்டிற்று. அந்தக் கம்பெனியின் செவர்லே கோபால்ட் முதலான சிறு கார்களில், சாவி ஸ்விட்ச் இருக்க வேண்டிய இறுக்கத்தோடு இல்லை. சாவிக்கொத்தின் பாரமோ முழங்கால் இடித்ததோ போதும், ஓடும்போதே ஸ்விட்ச் பின்வாங்கி இன்ஜின் நின்றுவிடும். அதோடு ஸ்டீயரிங்குக்கு உதவும் சக்தியும் போகும், மோதினால் விரிய வேண்டிய காற்றுப்பையும் விரியாது. வண்டி ஓடும்போது நிற்கிறது என்ற முறையீடுகள் 2004, 2005-லேயே வந்துவிட்டன. அதை வாடிக்கையாளரின் வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக வகைப்படுத்தி வைத்தார்களேயன்றி, உயிர் சம்பந்தப்பட்டதாக எண்ணவில்லை என்று, பின்னர் கம்பெனியே அமர்த்திய வழக்கறிஞர் அன்டன் வாலுகாஸ் 2014-இல் அளித்த அறிக்கை கூறுகிறது. 2006-இல் ஸ்விட்சை ஓசையின்றித் திருத்தியவர்கள், சாமானின் எண்ணை மாற்றவில்லை. ஆகவே பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு இருப்பதே வெளியில் தெரியவில்லை. ஜார்ஜியா மாநிலத்து விபத்து வழக்கு ஒன்றிற்காக ஒரு பொறியாளர் இரண்டு ஸ்விட்சுகளையும் பிரித்து உறுப்பு உறுப்பாக அளந்து பார்த்த பிறகே உண்மை புலப்பட்டது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நஷ்டஈட்டு நிதியம் 124 மரணங்களை அந்த ஸ்விட்சின் கணக்கில் ஏற்றுக்கொண்டது. ஒருவர் உட்கார்ந்து அளந்து பார்த்த நேரத்தின் விலை என்ன என்பதை அந்த எண்ணிக்கையைக் கொண்டு யோசிக்க வேண்டும்.

தேடும் கூலி என்று ஒன்றை ஏற்படுத்தினால் நேர்மையற்றவர்கள் நாள் கணக்கில் தேடிக்கொண்டே இருப்பார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது; அதை நான் அலட்சியம் செய்யவில்லை. பரிகாரமும் கஷ்டமானதல்ல. இத்தனை மணி நேரம் தேடுவது, இவ்வளவு கூலி, அதற்கு மேல் போனால் கேட்டுக்கொண்டு செய்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். பழுது அகப்பட்ட இடத்தைச் சொந்தக்காரருக்குக் கண்ணால் காட்டி, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் மீட்டர் காட்டிய எண்களை பில்லிலேயே எழுதித் தரலாம். அகப்படவில்லையானால், எந்தெந்த இடங்களைச் சோதித்து நல்லவை என்று கண்டோம் என்பதை எழுதிக் கொடுத்தால், அடுத்த பட்டறைக்காரர் அதே இடங்களை மறுபடி தோண்ட வேண்டியதில்லை. விமானத் தொழிலில்கூட, கழற்றி அனுப்பிய சாமான் சோதனைச்சாலையில் பழுது காணப்படவில்லை என்ற சீட்டோடு திரும்பி வருவது பெரிய தலைவலி. அங்கே அந்தச் சீட்டையும் பதிந்து வைத்து, அதே சாமான் எத்தனை முறை வந்தது என்று பார்க்கிறார்கள். நம் பட்டறைகளிலும் ஒரு பேரேடு இருந்தால் ஆகாதா?

புதிய வண்டிகளில் ஸ்கேனர் செருகினால் பழுதின் குறி தானே வந்துவிடுகிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அது எந்த வழியில் கோளாறு என்று சொல்லும். அந்த வழியின் எந்த இணைப்பில் என்று சொல்லாது. அதைத் தேட வேண்டியவன் மனிதனே. 1950 முதல் நடந்துவரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நம் ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாமானைக் கழற்றிப் பூட்டக் கற்றுத் தருவதோடு, ஒரு பழைய மாருதியையோ அம்பாசடரையோ வாங்கி நிறுத்தி, ஆசிரியரே அதில் ஒரு ஒயரை உறைக்குள் அறுத்து வைத்து, ஒரு எர்த்தைத் தளர்த்தி வைத்து, ஒரு சாமானும் மாற்றாமல் கண்டுபிடி என்று விட்டுவிட்டால், அந்தப் பயிற்சி அவர்களுக்கு ஆயுள் முழுவதும் சோறு போடும். வண்டிக்காகும் செலவு அற்பம். சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் லாரி உரிமையாளர்களுக்கு இதில் சொந்த லாபமே இருப்பதால், அவர்களே அந்த வண்டியை வாங்கித் தர முன்வரலாம்; பட்டறை வைத்திருப்பவர்கள், தேடும் கூலி மணிக்கு இவ்வளவு என்று ஒரு பலகை எழுதி, சாமான் விலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இந்த மாதமே மாட்டிவிடலாம்.